மூன்று நொடிக்குள் எழுந்தவள்

எனக்கு இருபத்தாறு வயதில் நர்சிங் சூப்பிரண்டு பதவி கிடைத்ததற்குக் காரணம் என்னுடைய முழங்கால். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது: "செல்வி மதிவதனி. முழங்கால்கள் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன. தலைமைக்குத் தகுதியானவர்." கீழே சேர்மனின் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் இருக்கின்றன.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் தர்ம ஆஸ்பத்திரியை இப்போது தேடினால் கிடைக்காது. இரண்டாயிரத்து மூன்றில் அது எண்பது கட்டில், முப்பத்தொரு நர்ஸ், ஒரு சேர்மன் என்று ஓஹோவென்று இருந்தது. சேர்மன் டாக்டர் சக்கரவர்த்தி, ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவரின் மகன். அப்பாவின் படத்துக்கு மாலை மாற்றவும் வார்டுகளைச் சுற்றி வரவும் தினமும் வருவார். வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் வேறு.

டாக்டர் உள்ளே வந்தால் நர்ஸ் எழுந்து நிற்க வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். டிரெயினிங்கில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், ஊசி போடக் கற்றுக்கொள்வதெல்லாம் அதற்கப்புறம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வழக்கம் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டிருந்தது. சேர்மன் வரும்போது எழ வேண்டும். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அவர் இருக்கிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் போன பிறகும் அரை நிமிடம் நிற்க வேண்டும். ஏதாவது மறந்துவிட்டுத் திரும்பி வரலாம் இல்லையா?

அப்போது சூப்பிரண்டாக இருந்தவர் காசியம்மாள் சிஸ்டர். ஐம்பத்தாறு வயது. அந்த வார்டுகளில் நடந்து நடந்தே இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. தங்கமான மனுஷி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் நாற்காலியிலேயே குறட்டை விடுவார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை, "இன்னா, இங்க ஜாத்திரையா நடக்குது? போங்க, போங்க" என்று விரட்டுவார். என்னையே மூன்று முறை பாத்ரூமில் போய் அழ வைத்திருக்கிறார்.

ஒரு நாள் சேர்மன் சென்னை விருந்தாளி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். காசியம்மாள் மேஜையைப் பிடித்தார், பாதி எழுந்தார், முட்டி மாட்டிக்கொண்டது. அவர் முழுதாக நிமிர்வதற்குள் சேர்மன் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். இவர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்து முடிப்பதற்கும் சேர்மன் திரும்பி வருவதற்கும் சரியாக இருந்தது. மறுபடியும் மேஜையைப் பிடித்தார்.

"இன்னா சிஸ்டர், இது பாதி மரியாதையா இருக்குதே?" என்றார் சேர்மன், விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடி.

"இன்னா சார் பண்றது? மடங்கினா நிமிர மாட்டேங்குது, நிமிந்தா மடங்க மாட்டேங்குது. நீங்க ஒண்ணு வாங்க, இல்ல போங்க. வந்து வந்து போனா நான் எங்க போவேன்?" என்றார் காசியம்மாள்.

விருந்தாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் இளைய தலைமுறையைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. மறு வாரமே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: நவீன உலகுக்கு ஏற்ப, செவிலியர் தலைமைப் பொறுப்பு இனி முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கே. காசியம்மாளுக்கு ஒரு மெமோவும் பிரசவ வார்டில் சாதாரண நர்ஸ் வேலையும் கொடுத்தார்கள். மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி.

புதிய சூப்பிரண்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிர்வாக அதிகாரி கலையரசனுக்கு வந்தது. அவர் அதற்கு முன் வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். விசிலையும் ஸ்டாப் வாட்சையும் விட்டுவிட்டு வர மனசில்லாமல் இங்கேயும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். ஐந்து பேரை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார். எங்கள் கையில் கேள்வித்தாள் இருந்தது. தொற்று பரவாமல் தடுப்பது எப்படி, டியூட்டி பிரிப்பது எப்படி என்று நல்ல கேள்விகள்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கும், சேர்மன் உள்ளே வருவார். நாங்கள் எழுவோம். அவர் போவார், உட்காருவோம். மறுபடியும் கதவு திறக்கும். இப்படி ஆறு தடவை.

ஆர்த்தி என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். அவள் ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு எழுந்தாள். நான்கு நொடி ஆனது. நான் தானிப்பாடி பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடியவள். முதுகில் கை பட்டால் எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு பழகியிருந்தது. கதவு கிரீச்சிட்டதும் எழுந்துவிட்டேன். கலையரசன் வாட்சைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால்" என்றார், குரல் தழுதழுக்க.

எங்கள் விடைத்தாள்களை யாரும் திருத்தவில்லை. வெகுநாள் கழித்து அவை மருந்துக் கடை ஜன்னலில் மாத்திரை மடித்துக் கொடுக்கப் பயன்பட்டன.

பதவியேற்பு விழாவில் சேர்மன் அரை மணி நேரம் பேசினார். "இளைஞர்களை நாட்டின் முதுகெலும்பு என்பார்கள். நான் மறுக்கிறேன். முதுகெலும்பால் என்ன பயன்? அது நேராக நிற்கும், அவ்வளவுதான். இளைஞர்கள் இந்த நாட்டின் முழங்கால்! அனுபவம் என்பது என்ன? ஒருவன் ஒரே இடத்தில் அதிக நாள் உட்கார்ந்திருந்தான் என்பதற்கான அத்தாட்சி. நமக்கு உட்கார்ந்தவர்கள் வேண்டாம். சகோதரி மதிவதனி அவர்களிடம் நான் கேட்பது புதிய சிந்தனை. அந்தச் சிந்தனை என்ன என்பதை அவ்வப்போது நான் எழுதி அனுப்புகிறேன்."

எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது என்று பட்டது. ஆனால் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும்போது கோணலைத் தேடவா தோன்றும்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது. கை வைத்த நாற்காலி, தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. அம்மா தானிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, படிக்கத் தெரியாத அந்தப் பலகையை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "இதுல எது உன் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த எழுத்துகளை மட்டும் இன்னொரு தடவை துடைத்தாள்.

நல்லது செய்யலாம் என்றும் நினைத்தேன். பிரசவ வார்டில் ஒரு நேரத்துக்கு ஒரே நர்ஸ். இரண்டாவது நர்ஸ் வேண்டும், பழுதான சளி உறிஞ்சும் மிஷினைச் சரி செய்ய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு சேர்மன் அறைக்குப் போவேன். அவர் காகிதத்தை வாங்காமல் என்னையே பார்ப்பார். "உக்காரும்மா" என்பார். உட்காருவேன். "சரி, எழுந்திரி" என்பார். எழுவேன். "பிரமாதம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்ததால், வேறு காகிதத்தில் இரண்டு முறை எழுதி மாற்றினேன்.

அதற்குப் பதிலாக என் பெயரில் சுற்றறிக்கைகள் வெளியாயின. சேர்மன் எந்த வார்டு வாசலை நெருங்கினாலும் வாட்ச்மேன் நீளமாக ஒரு மணி அடிக்க வேண்டும், மூன்று நொடிக்குள் எல்லாரும் எழ வேண்டும். உட்கார முடிந்த நோயாளிகள் உட்கார வேண்டும். படுத்தே இருப்பவர்கள் கண்ணையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். ஆண்கள் வார்டில் தருமன் என்ற லாரி டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்து, காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால் ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் அவர் மரியாதை செலுத்திவிட்டதாகக் கொள்ளலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். கலையரசன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். கால் சேர்மன் வரும் வழியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறதாம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அதற்கப்புறம் தருமன் ஒரு மாதம் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார்.

"தப்பு எதுவும் இல்லைங்க. இது புது முறை" என்றேன்.

வார்டில் இருந்த கிராமத்து ஜனங்கள் எது ஆஸ்பத்திரி மணி, எது வேறு மணி என்று தெரியாமல் ஐஸ் வண்டி மணிக்கும் எழுந்து நின்றார்கள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் முதலுதவிப் பந்தல் போட்டிருந்தோம். கொப்புளம் வந்த பாதங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது சாயங்காலம் சேர்மன் ஜீப்பில் வந்தார். நாங்கள் கட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றோம். வெள்ளை உடுப்பில் பத்துப் பேர் ஒன்றாக எழுவதைப் பார்த்து, நடந்து வந்த கூட்டமும் நின்றது. ஏதோ சாமி புறப்பாடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் ஜீப்புக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். சேர்மன் கீழே இறங்கி, திருநீறு கொடுக்காத குறையாக அவளை ஆசீர்வதித்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை நொடியில் எழுந்தோம் என்றுதான் யோசித்தேன்.

காசியம்மாளுக்கு இதற்குள் இரண்டாவது மெமோ வந்திருந்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததற்காக. அவர் அதைப் பத்தாய் மடித்து ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆவணி மாதம் சென்னையிலிருந்து ஒரு சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர் வந்தார்கள். இளம் தலைமைக்கு விருது கொடுக்கிற சங்கம். என்னைத்தான் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்து கஞ்சி போட்ட புடவையில் விறைப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். தண்டராம்பட்டு பக்கத்திலிருந்து வந்த பச்சையம்மாள் என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை நன்றாக அழுதது. ஆனால் தாய்க்குக் கர்ப்பப்பை இறுகவில்லை, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. காசியம்மாள் ஊசி போட்டிருந்தார். ஒற்றை ஆளாக டிரிப்பையும் பார்த்துக்கொண்டு வயிற்றையும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது நர்ஸ்தான் கிடையாதே.

"டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், தியேட்டர்ல இருந்து வராங்க. அது வரைக்கும் வயித்த அழுத்தித் தேச்சிக்கினே இரு. கைய மட்டும் எடுத்துடாத" என்றார்.

நான் கையுறை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து பச்சையம்மாளின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துத் தேய்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து காசியம்மாள் டிரிப்பைக் கவனித்தார். கைக்கு அடியில் மெதுவாக இறுகுவது தெரிந்தது. பச்சையம்மாள் வெளுத்துப்போன உதட்டோடு என் முகத்தையே பார்த்தாள். "பயப்படாத, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்று அவளிடம் சொன்னேன்.

அப்போது நீள மணி அடித்தது. மூன்றாம் நொடியில் பிரசவ வார்டின் கதவு திறந்தது.

என் கை எடுபட்டது. நான் எடுத்ததாக நினைவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். எடுத்தது நான்தான். எழுந்து கதவுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றேன். கையுறையிலிருந்து ரத்தம் புடவையிலும் தரையிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. "புடிச்சிக்கினேன். நீ நில்லு" என்றார் காசியம்மாள்.

வாசலில் சேர்மன், கலையரசன், விருதுச் சங்கத்து மூன்று பேர். கலையரசன் வாட்சை உயர்த்திக் காட்டினார். "ஒண்ணரை, சார்! வேலைக்கு நடுவுலயே ஒண்ணரை!"

"பாருங்க" என்றார் சேர்மன். "இதான் இளம் தலைமை. எந்த வேலையா இருந்தாலும் சரி, அப்படியே போட்டுட்டு எழுந்துடுவாங்க."

சங்கத்தில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா எட்டிப் பார்த்தார். "உள்ள ஒருத்தங்க உட்கார்ந்தே இருக்காங்களே?"

"அது பழைய தலைமுறைங்க. ஒழுக்கம் கம்மி. எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார் சேர்மன். பிறகு தரையைப் பார்த்து, "இன்னாய்யா இது ஈரம்?" என்று கேட்டார்.

"தொடச்சிடுறோம் சார்" என்றார் கலையரசன்.

அவர்கள் போனார்கள். நான் அரை நிமிடம் நின்றேன். திரும்பி வரலாம் இல்லையா? டாக்டர் சந்திரகலா ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்குப் போனபோதும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பச்சையம்மாள் பிழைத்துக்கொண்டாள். காசியம்மாள் நாற்பது நிமிடம் கையை எடுக்கவே இல்லையாம். நாலாம் நாள் பச்சையம்மாளின் அம்மா பாஞ்சாலை, மஞ்சள் பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு என் அறைக்கு வந்தாள். "நீதான் பெரிய நர்ஸுன்னு சொன்னாங்க. எம்பொண்ணு உசுரக் குடுத்தது நீதானம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எடுத்த அதே கை. அந்தக் கை இல்லை, வேறு ஒருத்தருடைய கை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கலையரசன் மூன்றாவது மெமோவை டைப் அடித்துக் கொண்டுவந்தார். முதல் இரண்டில் அவர் கையெழுத்துப் போதும், மூன்றாவதில் சூப்பிரண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் சேர்மனிடம் போனேன்.

"சார், அந்தம்மா எழுந்திருந்தா பொண்ணு செத்திருக்கும்" என்றேன். சொல்லும்போது நின்றுகொண்டிருந்தேன்.

சேர்மனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உயிரு போறது வர்றதெல்லாம் அண்ணாமலையார் கையில இருக்குது மதிவதனி. நம்ம கையில இருக்கிறது எழுந்து நிக்கிறது ஒண்ணுதான். அதையும் செய்யலன்னா நாம எதுக்கு ஆஸ்பத்திரி நடத்தணும்?" என்றார். பிறகு அன்பாகச் சொன்னார்: "கையெழுத்துப் போட இஷ்டமில்லன்னா வாணாம்மா. ஆர்த்தி இப்ப இரண்டரைக்கு வந்துட்டாளாம்."

அறைக்கு வந்து பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அம்மா துடைத்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. பேனாவும் தடங்கல் இல்லாமல் எழுதியது.

காசியம்மாளை வரச் சொன்னேன். சூப்பிரண்டுக்கு எதிரே நர்ஸ்கள் உட்காரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது, அதுவும் என் கையெழுத்துதான். "உக்காருங்க சிஸ்டர்" என்றேன். அந்த அளவுக்காவது நான் மனுஷி என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். அவர் உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

"பாஞ்சாலை குடுத்தாளா? நல்ல மல்லாட்டை. அவங்க சொந்த நிலத்துல வெளஞ்சது" என்றார்.

"எடுத்துக்குங்க சிஸ்டர்."

"வாணாம். பல்லுல மாட்டிக்கும்."

நான் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பாத்ரூமில் போய் அழுவதற்குத் தயாராகக்கூட இருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க சிஸ்டர்."

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மேஜை விளிம்பில் ஒரு கையை ஊன்றினார். இன்னொரு கையை வலது முட்டியில் வைத்தார். எழ ஆரம்பித்தார். பாதியில் முட்டி மாட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். நான் போய்ப் பிடித்திருக்கலாம். "வேணாம் சிஸ்டர், உக்காருங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். கை வைத்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் முழுதாக நிமிர்ந்தார். மேஜையிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, என்னைப் பார்த்து நேராக நின்றார்.

"வரேங்க மேடம்" என்றார்.

எழுந்து நிற்க அவருக்குப் பத்தொன்பது நொடி ஆனது. அந்த அறையில் கடிகாரம் கிடையாது. நான்தான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.